குலிஸாரின் கட்சி

அண்ணனைக் கலவரத்தில் பறிகொடுத்து, நாற்பதாம் நாள் சோறு போட்ட கையோடு குலிஸார் போய்க் கட்சியில் சேர்ந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. "எந்த மார்க்கம்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றார் அலுவலகத்தில் இருந்த பெரியவர். இஸ்லாத்தில் அலவி என்ற சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அண்ணனை வெட்டியிருந்தார்கள். பெரியவரின் அந்தப் பேச்சு அவளுக்குப் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு கொடி தைத்தாள், வீடு வீடாக ஏறி இறங்கினாள், ஊர்வலத்தில் போலீஸிடம் அடி வாங்கினாள். காலப்போக்கில் மகளிர் அணித் தலைவியானாள். ரிஃபாத் என்ற சுன்னி வக்கீலைக் கட்சிக்குக் கூட்டி வந்து, ஊர்க் கிளைத் தலைவராக்கப் பாடுபட்டவளும் அவள்தான். அவள் வீட்டுச் சாப்பாடென்றால் அவனுக்கு உயிர்.

நகராட்சித் தேர்தல் நெருங்கியது. கட்சி அந்த ஊரில் ஜெயித்ததே இல்லை. ரமலான் மாதத்தில் ஒருநாள் ரிஃபாத் அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, சந்தைத் திடல்ல நோன்பு திறப்பு வெக்கிறோம். சமையல் உங்க பொறுப்பு."

"ஜமாய்ச்சிடலாம்."

"ஆனா பரிமாற நீங்க வர வேண்டாம். யாராச்சும் கேட்டா ஓட்டல்ல வாங்கினதுன்னு சொல்லிக்கிறோம்."

"ஏண்டா, என் கை என்ன விஷமா?"

"எனக்கில்லக்கா. ஜனங்களுக்கு. அலவி சமைச்சத இங்க சுன்னிங்க தொடமாட்டாங்க. ஜெயிக்கணுமில்ல?"

 குலிஸார் அலவிகள் வாழும் தன் மலையடித் தெருப் பெண்களோடு சேர்ந்து, ஆட்டிறைச்சியும் கோதுமையும் குழையக் குழைய வேகவைத்து அண்டா அண்டாவாக அனுப்பினாள். ஆனாலும் மனசு கேட்காமல் போய்ப் பந்தலின் ஓரத்தில் நின்றாள்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்தார்கள். தட்டு வந்ததும் ஒரு கடைக்காரர் கேட்டார்: "சமைச்சது யாரு?"

"மலையடித் தெருப் பொம்பளைங்க." சொன்னவன் கட்சிக்காரனே.

கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். கட்சி நிறுத்தியிருந்த வேட்பாளர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். குலிஸார் ரிஃபாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அவளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து, தன் தட்டை மெல்லத் தள்ளிவைத்தான்.

அண்டாக்கள் அப்படியே திரும்பி வந்தன. அவள் தெருக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"அவங்க ஒதுக்கினத நாங்க திங்கணுமா?" என்றான் எதிர்வீட்டு ஹிதிர். "போ, உன் கட்சிக்கே போடு."

மறுநாள் புளித்துப்போனதை ஓடையில் கொட்டினாள். சோற்றைக் கொட்டிய பாவத்துக்குத்தான் அன்று அழுததாகத் தன் மகளிடம் சொன்னாள்.

கட்சி தோற்றது. "அந்தத் தெருவாலதான் போச்சு" என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். மகளிர் அணியை வேட்பாளரின் மனைவிக்குக் கொடுத்தார்கள். மலையடித் தெருவிலோ அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"இன்னும் எதுக்கும்மா அங்க போற?" என்று மகள் கேட்டாள்.

"வேற எங்கடி போறது? எதிர்க்கட்சிக்காரன் நம்மள மனுஷனாவே மதிக்கல. இவங்க வாயாலயாவது மதிக்கிறாங்க."

அடுத்த தேர்தலிலும் காலையிலேயே போய் வரிசையில் நின்றாள். வாக்குச்சீட்டில் முத்திரையை வழக்கமான இடத்தில் குத்திவிட்டு, யாரிடமும் பேசாமல் வீடு திரும்பினாள்.