இருபத்தைந்து டிகிரி அறை

தொழிற்சாலையில் அவளுக்குத் தர்மாமீட்டர் என்று பெயர். காய்ச்சல் என்று லீவு கேட்டு வந்தவளிடமே "எவ்வளவு?" என்று கேட்டவள். பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை: கணினியின் பிராசசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலர்களைச் சோதிப்பது.

விளம்பரத்தில் பம்பின் வேகத்தைத்தான் தம்பட்டம் அடிப்பார்கள். அவளிடம் வாயைக் கொடுத்தால் வேறு கதை வரும். பிராசசர் மேல் உட்காரும் செம்புத் தகடு மட்டமாக இருக்க வேண்டும். இடையில் பூசும் பசை மெல்லிசாகப் பரவ வேண்டும். தண்ணீர் ஓரளவு ஓடினால் போதும், ஓட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும். ரேடியேட்டரின் பரப்பும் அதனூடே விசிறி தள்ளும் காற்றும்தான் பெரிய சங்கதி. இத்தனையும் சரியாக அமைந்தாலும் அறைக் காற்றைவிடத் தண்ணீர் குளிராது. அது சூட்டை அழிப்பதில்லை. சுமந்துபோய் வேறிடத்தில் இறக்குகிறது.

ஆகவே சோதனை அறை இருபத்தைந்து டிகிரியிலிருந்து அசையக் கூடாது. அந்தக் கோடையில் அசைந்தது. இன்னொரு ஏசி வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மனிதர்களுக்கு என்று கேட்டால் ஆறு மாதம் இழுக்கும் நிர்வாகம், கூலருக்கு என்றதும் ஒரே வாரத்தில் வாங்கிக் கொடுத்தது. அறையின் சூட்டை வெளியே கொட்டும் அதன் அவுட்டோர் யூனிட்டைக் கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டுமானால் வெளிச்சுவரை உடைக்க வேண்டும். மேலாளர் பக்கத்துக் கூடத்திலேயே மாட்டச் சொல்லிவிட்டார். ரேடியேட்டர் பாகங்களை உலையில் பற்றவைத்து இணைக்கும் கூடம் அது. தகரக் கூரை. இருபது பெண்கள் அங்கே நின்று வேலை செய்தார்கள். அவர்களில் ஒருத்தி அவளுடைய தங்கை.

சாப்பாட்டு வேளையில் தங்கை வந்து உட்கார்ந்தாள். "உன் டப்பாவுக்கெல்லாம் ஜலதோஷமே பிடிச்சிடும் போல. எங்களுக்கு அங்க தோலு உரியுது. சார்கிட்ட கொஞ்சம் சொல்லேன்க்கா."

"சொல்றேன்டி. இந்த மாடல் டெஸ்ட் முடியட்டும்."

சொல்லத்தான் நினைத்தாள். மாடல் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தபோது தங்கை உலையருகே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. இருபத்தொன்பது வயது.

ஆலை மருத்துவர் பலவீனமான இதயம் என்று எழுதினார். துக்கம் கேட்க வந்தவர்கள் தலையெழுத்து என்றார்கள். சுவரை உடைக்காத கஞ்சத்தனத்துக்கு எவ்வளவு பெரிய பெயர்!

வேலைக்குத் திரும்பியதும் வெப்பம் அளக்கும் கருவியைத் தங்கை நின்ற இடத்தில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டி மூன்று நாள் அளந்தாள். நாற்பத்தாறு. புதிய ஏசியை நிறுத்தி அளந்தால் நாற்பது. காற்றில் ஈரமும் இருந்ததால் வியர்வை உலர வழியில்லை. உடம்பும் கூலர்தானே. ரத்தம் சுமந்து வரும் சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளாவிட்டால் எந்த இதயம் தாங்கும்? மருத்துவர் பம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டார், அறையைப் பார்க்கவே இல்லை.

அளந்ததை அறிக்கையாக எழுதி, தொழிலாளர் ஆய்வாளரிடம் கொடுக்கப்போவதாக மேலாளரிடம் சொன்னாள். அவர் அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏசி கேட்டு நீ எழுதின கடிதத்தையும் நாங்க சேர்த்துத்தாம்மா கொடுப்போம். யோசிச்சுக்கோ."

"கொடுங்க சார்."

மறுநாளே சுவர் உடைந்தது, யூனிட் வெளியே போனது. மொத்தமும் அரை நாள் வேலை.

இரண்டு மாதம் கழித்து ஆய்வாளரின் உத்தரவு வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள்தான் படித்துக் காட்டினாள். மரணத்துக்குக் காரணம் மிகை வெப்பம். ஏசி பொருத்தக் கோரியவர் என்ற இடத்தில் அவள் பெயரும் பதவியும். தங்கை கேட்டதையும் தான் தள்ளிப்போட்டதையும் அவள் முன்பே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அம்மா அவளோடு சரியாகப் பேசியதில்லை.

"நீ சொல்லாம விட்டத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்," என்றாள் அம்மா. "ஆனா நீ கேட்டது குளிரு. சூட்டக் கொண்டுபோய் அவ தலைமேல வெச்சவன் பேரு இதுல எங்கடி?"

அவள் காகிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். முடிவு வரை போனாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள்.