என் வீரன் தண்ணீர் வார்த்த விதம்

நான் முதன்முதலாகப் போன ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். டேவ் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பகடை. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், பெரிய நெல்லிக்காய் அளவில், மஞ்சளாகக் கிடந்தது. அதற்கு இருபது முகங்கள். தாயக்கட்டையும் சதுரப் பகடையும் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தேன். எந்த முகத்தில் நின்றது என்று கண்டுபிடிக்கவே சற்று நேரம் ஆனது.

கடல் தாண்டி நான் வந்திருக்கும் இந்த ஊரில் பனிக்காலத்து ஞாயிறு போவது கடினம். வீட்டுக்கு வெளியே முழங்காலளவு பனி. வளர்ந்த மனிதர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்களை வீரன் என்றும் மந்திரவாதி என்றும் சொல்லிக்கொண்டு இருட்டும்வரை பேசியே விளையாடுகிறார்கள். நகர்த்தக் காய் கிடையாது, பந்தயம் கிடையாது, யாரும் ஜெயிப்பதும் கிடையாது. டேவ் நடுவர். நான் மெய்ப்புத் திருத்தும் பத்திரிகையில் அவர் அச்சுக் கோப்பவர். குகை எப்படி இருக்கிறது, கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று அவர் சொல்வார். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

ஆளுக்கு ஒரு தாள் உண்டு. அவரவர் ஏற்ற பாத்திரத்தின் பலம், அறிவு, ஆயுதம் எல்லாம் அதில் இருக்கும். கூடவே அலைன்மென்ட் என்று ஒரு கட்டம். இந்த ஆள் சட்டத்துக்கு அடங்கியவனா, நல்லவனா என்பதை விளையாட்டு தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். என் வீரனுக்கு நான் யோசிக்காமல் 'லாஃபுல் குட்' என்று எழுதினேன். சட்டம் வழுவாத நல்லவன். பக்கத்தில் இருந்த மாடசாமி எட்டிப் பார்த்தார். அவருடைய பாத்திரம் ஒரு திருடன்.

"அண்ணாச்சி, நீங்க நல்லவராவே இருந்துக்கிடுங்க. எனக்குச் சோலி கெடக்கு" என்றார்.

மாடசாமி தேவிகுளத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீட்டில். மதுரையிலும் மெட்ராசிலும் படித்து, இங்கே உலோகவியலில் ஆராய்ச்சி செய்கிறார். நான் பாலக்காட்டின் கிழக்குக் கோடி. இரண்டு பேருமே கேரளத்துத் தமிழர்கள். ஊரில் தாலுகா ஆபீசுக்குப் போனால் மலையாளத்தில் மனு எழுதிக்கொடுக்க ஆள் தேடுபவர்கள். இங்கே வந்த பிறகு, எந்த மாநிலம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எங்கள் இருவருக்கும் ஒரே அளவு நேரம் எடுக்கிறது. பழகி இரண்டு வருடமாகிறது. என் அறையில் அவர் சமைப்பார், அவர் அறையில் நான் சாப்பிடுவேன். டிசம்பரில் அவர் ஊருக்குப் போவதாக இருந்தது. என் அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் மின்சார ஷேவரும் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். "கோயமுத்தூர்ல எறங்குனா நம்ம ஊடு பக்கந்தானுங்க. ஒரு நாள் தங்கிட்டு மலையேறுங்க" என்று நானாகத்தான் அழைத்தேன்.

சில ஞாயிறுகள் கழித்து மேசையில் பெரிய வாதம் நடந்தது. கட்டிப்போட்ட எதிரிகளை ஒரு நல்ல வீரன் கொல்லலாமா? விட்டால் திரும்பி வந்து ஊரைக் கொளுத்துவார்கள். கொன்றால் அவன் நல்லவனா? டேவின் தங்கை லிண்டா கொல்லலாம் என்றாள். நான் கூடாது என்றேன். தலையங்கம் எழுதுகிறவனைப்போல் வரிசையாகக் காரணங்களை அடுக்கினேன். கடைசியில் டேவ் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அன்று அறைக்குத் திரும்பும்போது எனக்கு என்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு நாங்கள் ஒரு சுரங்கத்துக்குள் இருந்தோம். மூட்டை தூக்க அடிவாரக் கிராமத்தில் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தியிருந்தோம். டேவ் அவன் குரலில் பேசினார். "ஐயா, தாகமாக இருக்கிறது."

"நிற்கிறேன்" என்றேன். "தோல்பையை எடுக்கிறேன். அவனைக் குந்தச் சொல்கிறேன். அவன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்துகிறான். நான் மேலேயிருந்து ஊற்றுகிறேன்."

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினேன். வலது கை தோளுக்கு மேலே போயிற்று, மணிக்கட்டு வளைந்தது. பை அவன் கையில் படாத உயரம்.

டேவ் பென்சிலைக் கீழே வைத்தார். இது இந்திய வழக்கமா என்று கேட்டார். ஆமாம், எங்கள் பக்கத்தில் இப்படித்தான் என்றேன். "எவ்வளவு அழகு" என்றாள் லிண்டா. "வேலைக்காரனுக்கு எஜமானே தன் கையால் தண்ணீர் வார்க்கிறான்." நல்லவனுக்கு ஏற்ற செயல் என்று சொல்லி டேவ் என் தாளில் கொஞ்சம் புள்ளிகளைக் கூட்டினார். நான் நன்றி சொன்னேன். மாடசாமி உள்ளங்கையில் பகடையை உருட்டிக்கொண்டிருந்தார். அதைப் போடாமலே மேசைமேல் வைத்தார்.

எங்கள் ஊரில் கடலைக்காய் பறிக்கும் நாட்களில், முற்பகல் வெயில் ஏறியதும் வரப்போரத்தில் தண்ணீர் கொடுப்போம். பித்தளைச் சொம்பு எங்களுடையது. குடிப்பவர்கள் குந்தி உட்கார்ந்து கை ஏந்துவார்கள். பத்து வயதிலிருந்து நானும் ஊற்றியிருக்கிறேன். சொம்பின் விளிம்பு அவர்கள் விரலில் படக்கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் யாரும் யாரையும் வைததாக எனக்கு நினைவில்லை. அப்பா கூலியை ஒரு நாளும் தள்ளிப்போட்டதில்லை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். வண்டி திரும்பி வந்ததும் கழுவச் சொல்வார். எல்லாம் அமைதியாக நடந்தது. அந்த அமைதியைத்தான் நான் இந்தச் சமையலறை வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மாடசாமியின் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னலில் நின்றபோது அவர் கேட்டார்:

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ரூல்ஸ் சந்தேகந்தான்."

"கேளுங்க."

"அந்தக் கூலிக்காரன் உங்க தோல்பையில வாய் வச்சுக் குடிச்சிருந்தா, பை என்ன ஆயிருக்கும்?"

விளக்கு பச்சையானது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் யாரும் இல்லை.

"பழக்கத்துல வந்துருச்சுங்க. யோசிச்சுச் சொல்லலீங்க."

"அதான் தெரியுதே. யோசிச்சிருந்தா சொல்லிருக்க மாட்டீகளே" என்று சிரித்தார். "எங்கம்மா திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனா இப்படித்தான் குடிப்பா. பாதித் தண்ணி முழங்கை வழியா ஒழுகிரும். நான் சின்னப்பிள்ளை. ஏன் இப்படிச் சேலையை நனைச்சுக்கிடுதா, ஒரு தம்ளர் கேட்டா என்னன்னு நினைப்பேன்."

அதற்கு நான் சொன்ன பதிலைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"எங்க ஊட்ல உங்களுக்கு அப்படியெல்லாம் இருக்காதுங்க. நீங்க வரப்ப அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சர்றேனுங்க."

"என்னன்னு சொல்லுவீக, அண்ணாச்சி?"

கேட்ட குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போது என் மனதில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'கோயமுத்தூர்ப் பக்கம், நம்ம ஆளுங்கதான்.' எந்தச் சாதி என்று நான் மாடசாமியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பூர்வீகம் எந்த ஊர், அதில் எந்தத் தெரு, எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவீர்கள் என்று பழகிய முதல் மாதத்திலேயே கேட்டு முடித்திருந்தேன். ஊரில் நிருபராக இருந்து செய்தி சேகரிக்கப் பழகியவனுக்கு அது போதும். பெயரை மாற்றாமல் ஊரை மட்டும் மாற்றினால் அப்பா ஏற்றுக்கொள்வாரா என்று அந்தக் காருக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னை என் கட்டட வாசலில் இறக்கிவிட்டார். வழக்கம்போல் மேலே வந்து சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு மேசையில் மாடசாமி ஆங்கிலத்தில் டேவிடம் கேட்டார். "சுரங்கத்தை விட்டு வெளியே வருகிறோம். என் திருடன் இந்த வீரனுடைய மாளிகைக்கு விருந்துக்குப் போகிறான். அவனை எங்கே உட்கார வைப்பார்கள்?"

டேவ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதற்கு விதி இல்லை. "கூட்டாளிதானே, பக்கத்தில்தான்" என்றார்.

"பக்கத்தில்தான்" என்றேன் நானும்.

"வீட்டில் இவருடைய அப்பா இருக்கிறார்" என்றார் மாடசாமி.

டேவ் என் பக்கம் திரும்பினார். "அப்பாவா? அவருடைய அலைன்மென்ட் என்ன?"

"லாஃபுல் குட்" என்றேன். பொய்யில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார் டேவ்.

மாடசாமி பகடையை அவர் பக்கம் தள்ளி வைத்து, தமிழில், "இதுக்குப் பகடை போட வேண்டாம், அண்ணாச்சி. விழுற முகம் ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றார். என்ன சொன்னார் என்று லிண்டா என்னைக் கேட்டாள்.

"சம்மதம் என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

ஒருவர் சொன்னதை மாற்றி எழுதக்கூடாது என்பதுதான் நான் தொழிலில் கற்ற முதல் பாடம். மாடசாமிக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் என்னைத் திருத்தவில்லை.

திங்கட்கிழமை அச்சுக்கூடத்தில் டேவிடம் போய், என் வீரனின் தாளில் 'குட்' என்பதை அழித்துவிடுங்கள் என்றேன். எதற்கு என்றார். தண்ணீர் வார்த்த விஷயத்தை, சொம்பை, விரலை, எல்லாவற்றையும் சொன்னேன். மை படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கவனமாகக் கேட்டார்.

"அது தப்பு என்று உங்கள் வீரனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிந்து செய்தால்தான் மாற்ற முடியும். அவன் நல்லவன்தான்."

"அதைச் செய்தது வீரன் இல்லை" என்றேன்.

அவர் என் தோளில் தட்டி, நீங்கள் விளையாட்டை மிகவும் மனதில் எடுத்துக்கொள்கிறீர்கள், நல்ல ஆட்டக்காரருக்கு அதுதான் அடையாளம் என்றார். தண்டனை கேட்டுப் போனவன் பாராட்டோடு திரும்பி வந்தேன். இந்த நாட்டில் என் குற்றத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரிடம் பேசும் தைரியம் எனக்கு இல்லை.

டிசம்பரில் மாடசாமி பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். எந்த பஸ், எந்தப் பாலத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லி, வழி கேட்கக் கோயமுத்தூரில் என் மாமன் மகன் கடை விலாசத்தையும் கொடுத்தேன். தலையசைத்தார். வீட்டுக்கு நான் எழுதிய கடிதத்தில், ஒரு சிநேகிதர் வருகிறார் என்று மட்டும் இருந்தது. உண்மையை எழுதவில்லை. தயாராக வைத்திருந்த பொய்யையும் எழுதவில்லை. பேனாவால் பிழைக்கிறவன், அந்த ஒரு வரியை எழுதாமல் அதை மாடசாமியின் நடையுடை நேர்த்திக்கும், பார்த்து முடிவுசெய்யும் அப்பாவின் கண்ணுக்கும் விட்டுவிட்டேன்.

அப்பாவின் பதில் வந்தது. சிநேகிதர் வரவில்லை. கோயமுத்தூரில் மாமன் மகன் கடையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, தன் அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி, அன்றே உடுமலை வழியாக மலைக்கு பஸ் ஏறிவிட்டார். இரண்டு நாள் அவருக்காகக் காத்திருந்தோம், வீட்டுக்கு வந்த யாரையாவது நாம் குறைவாக நடத்தியதுண்டா என்று அப்பா கேட்டிருந்தார். உண்மையான வருத்தம் அந்தக் கையெழுத்தில் தெரிந்தது. படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அது போய் வெட்கம் வர ஒரு பகல் ஆயிற்று.

ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல் வெளியே வந்தவர்களும் இதை எப்படிப் படிப்பீர்கள் என்று தெரியவில்லை. கடல் தாண்டினால் இதெல்லாம் கழன்றுவிடும் என்று நம்பித்தான் வந்தேன். இங்கே என்னை யாரும் எந்த வாசலிலும் நிறுத்தியதில்லை. அங்கே எங்கள் வாசலுக்கு வராமலே ஒருவர் போய்விட்டார். இந்த இரண்டு வாசலும் என்னுடையவைதான்.

மாடசாமி ஜனவரியில் திரும்பி வந்தார். தேவிகுளத்திலிருந்து அவருடைய அம்மா எனக்கென்று அரைக் கிலோ தேயிலை கொடுத்தனுப்பியிருந்தார்.