மூன்றாம் பாகம் நாங்கள் சொன்னது

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். காட்பாடியிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயில். அந்தச் சமயம் வேலூர் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்று கிடைத்தது. தொடர்கதையின் முதல் பாகம்.

கதாநாயகி ஒரு பெரிய நகரத்தில் லிஃப்ட் ரிப்பேர் செய்பவள். அந்த ஊர்க் கட்டடங்களில், பட்டனில் இல்லாத ஒரு மாடி ஒளிந்திருக்கும். அங்கே இருக்கும் பிசாசுகள் ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விடும். இவள் ஸ்பேனரோடு இறங்கி மீட்டு வருவாள். தன்னைக் காப்பாற்ற யாராவது வருவார்கள் என்று ஒருநாளும் காத்திருக்கமாட்டாள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

எங்கள் கம்பெனியிலேயே தையல் பிரிவில் இருந்த ஒரு அக்கா குடியாத்தத்தில் ஏறி என் எதிரில் உட்காருவார். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் அவரோடு தைக்கும் இன்னும் மூன்று பேர் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு, வீட்டில் படிப்பதும் ரயிலில் சொல்வதும் எனக்கு வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் வந்து, அவள் வெளியே வந்தாளா இல்லையா, அதை மட்டுமாவது சொல் என்று கேட்டவர்களும் உண்டு.

அதே கடையில் பிறகு கிடைத்த இரண்டாம் பாகத்தின் கடைசியில், அவள் அந்த மாடியில் மாட்டிக்கொள்கிறாள். மூன்றாம் பாகம் எங்குமே கிடைக்கவில்லை. நான்காம் பாகம்தான் கிடைத்தது. அதில் அவள் வெளியே இருக்கிறாள்; இடது கையில் ஒரு விரல் இல்லை; அவளோடு மல்லுக்கு நின்ற பிசாசு இப்போது அவளுக்கு உதவியாள்.

நடுவில் நடந்ததை நாங்களே சொல்லிப் பார்த்தோம். ஒருவர் பிசாசு கடித்துவிட்டது என்றார். இன்னொருவர் கதவில் நசுங்கியிருக்கும் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவளேதான் குடுத்துட்டிருப்பா. அந்தப் பிசாசும் அங்க மாட்டிக்கினு இருந்ததுதான? அதையும் சேர்த்து வெளிய உடுன்னு மத்த பிசாசுங்ககிட்ட கேட்டு, விரல குடுத்துட்டு வந்துட்டா. இல்லன்னா அது ஏன் இவகிட்ட வேலை செய்யுது?"

பிறகு அதையே வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க ஆளாளுக்குக் கதையை வளர்த்தோம்.

இரண்டு வருஷம் கழித்து, சென்னைக்குப் போன தோழி ஒருத்தி மூன்றாம் பாகத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டு வந்தாள். அவசரமாகப் புரட்டினேன். விரல் போனது லிஃப்ட் கதவில்தான். அரைப் பக்கம்கூட இல்லை. மறுநாள் ரயிலில் அக்காவிடம் சொன்னேன்.

"எழுதுனவங்களுக்கு அவள சரியா தெரியல போல" என்றார், வருத்தமே இல்லாமல்.

மற்ற மூவரும் அவர் பக்கம்தான். நானும்தான். தோழி கூடவே வாங்கி வந்திருந்த ஐந்தாம் பாகத்தை ஆரம்பிக்கச் சொன்னார்கள். ரயில் மேல்பட்டியைத் தாண்டுவதற்குள் முதல் அத்தியாயம் முடிந்திருந்தது.