வெந்நீர் ஊற்றுக்கு வாளியோடு போனவர்

இன்று தமிழ்க் கடையில் எங்கள் வீட்டுக்காரர் நல்லாய் மாட்டுப்பட்டார்.

குடும்பமாகக் காரில் யெலோஸ்டோன் பூங்காவுக்குப் போய்விட்டு முந்தநாள்தான் மொன்றியல் திரும்பினோம். அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறது என்றதும் இவர் நம்முடைய ஊர்க் கன்னியா வெந்நீர்க் கிணறு என்று நினைத்துவிட்டார். முழங்கால் நோவுக்கு அள்ளிக் குளிக்க வாளியும் இடுப்பில் கட்டச் சாரமும் கொண்டுவந்தார். போக முன்னமே ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

அங்கே தண்ணீர் கொதித்துத் தென்னை உயரத்துக்குப் பாய்கிறது. மகள் அறிவிப்புப் பலகையை வாசித்தாள். "அப்பா, இதுக்குள்ள கால் வச்சா அவிஞ்சுபோவியளாம்."

வாளி காரை விட்டு இறங்கவேயில்லை.

இன்று கடையில், முன்னமே இவரிடம் கதை கேட்டிருந்த ஞானம் அண்ணை பிடித்துக்கொண்டார். "எப்பிடி, குளிச்சனியோ? கால் சுகமோ?"

"ஓம் அண்ணை, கால் நல்ல சுகம்," என்றார் இவர், முதல் கேள்வியை விழுங்கிவிட்டு.

"அப்ப என்ர மனிசியையும் கூட்டிக்கொண்டு போறன். அவவுக்கும் முழங்கால் ஏலாது. இண்டைக்கே லீவு கேக்கிறன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காய் பொறுக்கினேன்.

கடைசியில் மனுசன் தலையைச் சொறிந்தார். "அவசரப்படாதேங்கோ அண்ணை. நான் தண்ணியைத் தொடவேயில்லை."

"பேந்தெப்பிடிக் கால் சுகம்?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "போக வர முழுத் தூரமும் கார் ஓடினது நான், அண்ணை. இவர் பின் சீற்றில காலை நீட்டிக்கொண்டு வந்தவர்."

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "அப்ப மனிசிக்குச் சுகம் வரும், எனக்கெல்லோ நோ வரும்!"

எனக்கு வந்துவிட்டது, இடுப்பில். சுகமாக்க என்னை யார் எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள்? கார் ஓடத் தெரிந்தவர்கள் மட்டும் பதில் போடுங்கள்.