கொழுப்பைக் கரைத்த கம்பெனி

இன்று காலை பெங்களூர் ரயிலில், எங்கள் தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதி மேரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போன வாரம் பெங்களூர் கம்பெனியில் அவரோடு சேர்த்துப் பலரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இன்று வேறு இடத்தில் இண்டர்வியூ.

என் போனில் இருந்த வணிகச் செய்தியில் அந்தக் கம்பெனியின் பெயரைப் பார்த்துவிட்டார்.

"இன்னா போட்டுக்கீறான், படி."

படித்தேன். "தேங்கிய கொழுப்பைக் கரைத்து மெலிந்தது நிறுவனம். உற்சாகத்தில் பங்குகள் துள்ளல்."



"அப்ப நாந்தான் அந்தக் கொழுப்பா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு அப்படி எழுதறதுதான்க்கா."

"விடியறதுக்கு முன்ன ரயில் ஏறி, இருட்டுனப்புறம் வீட்டுக்கு வருவேன். எங்கடி சேரும் கொழுப்பு?"

டிபன் பாக்ஸைத் திறந்தவர், சாப்பிடாமலே மூடி வைத்தார்.

"மைன்ஸ் மூடுனப்ப எங்கப்பாவச் சுமைன்னு பேப்பர்ல போட்டாங்க. இப்ப நான் கொழுப்பு. எம்பொண்ணுக்கு இன்னா பேரு வெப்பாங்களோ."

இறங்கும்போது, "இண்டர்வியூ நல்லா பண்ணுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

வணிகச் செய்தி எழுதுபவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். "பலருக்கு வேலை போனது" என்று நேராக எழுதினால் பங்குகள் துள்ளாதா?