மதிலடி ஓட்டையும் என் பழைய சோட்டியும்

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யாருக்காவது பெட்டிசம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். என் பெட்டிசத்தை வாசிக்கிற அதிகாரி கதிரையில் நிமிர்ந்து உட்காருவார் என்ற திமிர் எனக்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கும் நினைத்தால் நான் கூசிப்போகும் காரியம் அதில்தான் போய் முடிந்தது.

பக்கத்து வீட்டு வளவில் ஓர் அக்கா இருக்கிறார். உறவில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து அக்காதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று ஆடுகளோடு தனியாக இருக்கிறார். அவருடைய வளவு மேடு, என்னுடையது பள்ளம். மாரியில் அங்கே விழும் வெள்ளம் என் வளவுக்குள் வந்து, ஓரமாக ஓடி, ஒழுங்கை வாய்க்காலில் விழும். எங்கள் தகப்பன்மார் காலத்திலும் அப்படித்தான். கிழக்கு வளவின் வெள்ளத்தை வழமைபோல் ஓட விடவேண்டும் என்று என் காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. தென்னோலைக் கிடுகு வேலி இருந்தவரைக்கும் அதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. வேலிக்குக் கீழால் அது தன்பாட்டில் போனது.

பிறகு கனடாவிலிருந்து என் மகன் வந்து நின்ற ஒரு மாதத்தில் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினான். முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல்லும் பதித்துவிட்டுப் போனான். மேசன் அனுபவசாலி. மதிலின் அடியில் வெள்ளம் போவதற்கு ஓர் ஓட்டை விட்டுத்தான் கட்டினார்.

அந்த ஐப்பசியில் முதல் மழை பெய்தது. ஓட்டையால் வெள்ளத்தோடு ஆட்டுப் புழுக்கையும் முருங்கை இலையும் என் புதுக் கல்லின்மேல் வந்து பரவின. கூட்டினேன். இரண்டாவது மழைக்கும் கூட்டினேன். மூன்றாவது மழையோடு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓட்டைக்கு ஒரு கம்பிவலை போடுவமோ அக்கா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பார். நான் கேட்கவில்லை. அவர் நல்லூர்க் கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, மிச்சம் கிடந்த சீமெந்தைக் குழைத்தேன். சாந்து மற்றப் பக்கம் வழியாமல் இருக்க, வீட்டுச் சட்டையாகப் போட்டு நைந்துபோன என் பழைய சோட்டியைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தேன். மேலே சாந்தை அப்பி மட்டமாகத் தடவினேன். முன்னால் ஒரு குரோட்டன் சாடியையும் நகர்த்தி வைத்தேன். செய்தது கள்ளவேலை என்று தெரியாமலா சாடி வைத்தேன்?

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தது. என் முற்றம் கழுவித் துடைத்ததுபோல் கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வெள்ளம் ஏறி ஏறிக் குசினிப் படியைத் தொட்டது. அக்கா ஆடுகளை விறாந்தையில் கட்டினார். மூன்றாம் நாள் கக்கூசுக் குழி நிரம்பி, அந்தத் தண்ணீர் கிணற்றுக் கட்டுக்கு மேலால் போய்க் கிணற்றுக்குள் விழுந்தது. குடிக்கிற தண்ணீர். அவருக்கு இருந்தது அந்த ஒரு கிணறுதான்.

நாலாம் நாள் காலை வாளியோடு என் வாசல் படலையில் நின்றார்.

"பிள்ளை, ஒரு வாளி அள்ளட்டோ? என்ரை கிணறு பழுதாப் போச்சு."

"இதென்ன கேள்வி அக்கா, எத்தினை வாளியெண்டாலும் அள்ளுங்கோ" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை, எனக்கு எவ்வளவு தாராள மனம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் பட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக்கப் பெட்டிசம் எழுதினேன். ஒழுங்கை வாய்க்காலைப் பிரதேச சபை துப்புரவாக்காததால் முதிய பெண்ணொருவரின் குடிநீர்க் கிணறு பாழாகிவிட்டது என்று இரண்டு பக்கம். பொய்யை ஒழுங்கான தமிழில் எழுதி நாலு பேரிடம் ஒப்பமும் வாங்கிவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். கச்சேரியில் நான் கண்ட பாடம் அது. முதல் ஒப்பத்துக்கு, தண்ணீர் அள்ள வந்த அக்காவிடமே நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "வடிவா எழுதியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு ஒப்பம் வைத்தார்.

இரண்டு நாளில் சபையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். வாய்க்கால் சுத்தமாகக் கிடந்தது. என் வளவிலிருந்து ஒரு சொட்டுக்கூட அதில் விழவில்லை. அதைப் பார்த்துவிட்டு நேரே மதிலடிக்கு வந்தார்.

"அம்மா, இதில வெள்ளம் போறதுக்கு ஓட்டை விடேல்லையோ?"

முப்பது வருடம் கடதாசியில் வாதாடிய நான் குரோட்டன் சாடியில் காய்ந்த இலையைக் கிள்ளத் தொடங்கினேன். மதிலுக்கு மேலால் அக்காவின் குரல்தான் வந்தது.

"ஓட்டை இருக்குத் தம்பி. குப்பை அடைச்சுப்போட்டுது. நாங்கள் எடுத்து விடுறம், நீங்கள் போங்கோ."

எங்கள் வளவு வாய்க்காலை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு உத்தியோகத்தர் போய்விட்டார். நான் அக்காவின் வளவுக்குப் போனேன். மழை தொடங்கியபின் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. முழங்கால் அளவு தண்ணீருக்குள் நடந்து மதிலடிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட என் சோட்டியின் ஒரு முனை ஓட்டையால் வெளியே வந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் என் கொடியில் காய்ந்த துணி. ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் யாருடையது என்று சொல்வார்கள்.

அக்கா விறாந்தையில் ஆடுகளுக்குத் தின்ன இலைக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"முதல் நாளே கண்டனான். நீயா வந்து எடுப்பாய் எண்டு இருந்தன்."

அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. ஏசவில்லை. நான் இரும்பு அலவாங்கை எடுத்து வந்து என் பக்கத்தால் இடித்தேன். சோட்டியை இழுத்ததும் வெள்ளம் பாய்ந்து வந்தது. புழுக்கையும் இலையும் கக்கூசு நாற்றமும் என் சீமெந்துக் கல் முழுக்கப் பரவின. அழுதுகொண்டு அதற்குள்ளேயே நின்றேன்.

பொழுதுபட அக்காவின் வளவு வடிந்துவிட்டது. கிணறு வடியுமா? மெசின் வைத்து இறைத்து, குளோரினும் போட்டோம். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, தை பிறக்கும் வரைக்கும் அதைக் குடிக்க வேண்டாம் என்றார். காலையும் மாலையும் நானே தண்ணீர் கொண்டுவந்து தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன், வேண்டாம் என்றார். அப்படியென்றால் படலை திறந்தே கிடக்கும், என்னைக் கேட்காமல் வந்து அள்ளுங்கள் என்று கெஞ்சினேன். தலையாட்டினார்.

மறுநாள் விடிய முற்றம் கூட்ட வந்தேன். திறந்து கிடந்த படலைக்கு வெளியே வாளியோடு நின்றார்.

"பிள்ளை, ஒரு வாளி அள்ளட்டோ?"

தை பிறக்கும் வரை ஒவ்வொரு நாளும் கேட்டுத்தான் அள்ளினார்.