அம்மாவின் உயரத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

அப்பாவின் மோட்டார் சைக்கிளை அம்மா தன் உயரத்துக்கு இறக்குவித்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்த வண்டி விஷயத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. அப்பா கட்டாருக்கு வேலைக்குப் போனபின் அவருடைய வண்டி, ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியின் கீழே நின்றது. அம்மா வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பார். பம்பலப்பிட்டியில் சில வீடுகள், கொட்டாஞ்சேனையில் சில வீடுகள். கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். அதுவரை நான் கீழ்வீட்டு அன்ரியின் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு, பசிக்கவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டு இருப்பேன். சும்மா நிற்கிற வண்டியை ஓடினால் என்ன என்று அம்மா நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. லைசன்ஸ்கூடக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்திருந்தார்.

பிழை உயரத்தில்தான் இருந்தது. அப்பா நெடுவல், அம்மா அவருடைய தோளுக்கும் வரமாட்டார். சீற்றில் இருந்தால் பெருவிரல் நுனி மட்டும் நிலத்தில் படும். ஓடத் தொடங்கிய முதல் வாரமே, காலி வீதியில் சிக்னலுக்கு நிறுத்தும்போது ஊன்றிய விரல் வழுக்கி, வண்டியோடு இடப்பக்கம் சரிந்துவிட்டார். பின்னால் வந்த பஸ் மயிரிழையில் நின்றிருக்கிறது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, வீட்டில் சமையல் வேலை இல்லையா என்று சிங்களத்தில் கேட்டாராம். முழங்கைக்கு மருந்து போட்டபடி அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா வண்டியை உருட்டிக்கொண்டு பாமன்கடையில் இருந்த கராஜுக்குப் போனார். நான் ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். கராஜ்கார நானா, அம்மா சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு எங்களுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வீதியைப் பார்த்தார்.

“மிஸ், மாத்தையாவக் கூட்டிட்டு வாங்களே. அவர்ட்டயும் ஒரு சொல்லுக் கேட்டுட்டுச் செய்வம்.”

“அவர் கட்டாரில, நானா. வண்டியும் நானும்தான் இங்க இருக்கிறம்.”

நானா அரைமனதோடு வேலையைத் தொடங்கினார். ஆனால் தொடங்கியபின் ஒழுங்காகத்தான் செய்தார். முன் ஃபோர்க்கைத் தளர்த்தி மேலே தள்ளி இறுக்கினார். பின்சில்லைத் தாங்கும் ஷொக் இரண்டையும் கழற்றிக் கட்டையானவற்றைப் பூட்டினார். சீற்றின் பஞ்சையும் கொஞ்சம் சீவினார். கடைசியில் சைட் ஸ்டாண்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்துவிட்டு ஒட்டவைத்தார். அது எதற்கு என்று கேட்டேன். வண்டி பதிந்துவிட்டது, ஸ்டாண்ட் பழைய நீளத்தில் இருந்தால் வண்டி சாயாமல் நிமிர்ந்து நின்று மற்றப் பக்கம் விழுந்துவிடும் என்றார். கழற்றிய ஷொக்குகளை அம்மா ஒரு அரிசிப் பையில் போட்டுக் கொண்டுவந்து கட்டிலின் கீழே வைத்தார்.

அன்று அம்மா வண்டியில் ஏறி இருந்து இரண்டு பாதங்களையும் முழுதாக நிலத்தில் வைத்ததை நான் பார்த்தேன். வெறும் பாதங்கள்தான். ஆனால் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அதன்பிறகு அவர் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். என்னைப் பின்னால் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினார். ஸ்பீட் பிரேக்கரில் வண்டியின் வயிறு தட்டும்போது இருவரும் சேர்ந்து “ஐயோ” என்போம்.

அடுத்த வருடம் அப்பா ஒரு மாத லீவில் வந்தார். வந்த அன்றே வண்டியில் ஏறி இருந்து பார்த்தார். முழங்கால்கள் ஹாண்டிலைத் தொட்டன. அப்பாவும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அது அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவரைப் பார்க்கக் கல்கிசையிலிருந்து பெரியப்பா வந்திருந்தார்.

“என்னடா, சின்னப்பிள்ளையளின்ர சைக்கிள் மாதிரி ஆக்கி வச்சிருக்கிறா. நீயும் பாத்துக்கொண்டு இருக்கிறாய்.”

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை, பெற்றோல் அடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் மதியம் திரும்பினார். வண்டி பழையபடி உயர்ந்திருந்தது. கட்டிலின் கீழே குனிந்து பார்த்தேன். அரிசிப் பையில் இப்போது கட்டை ஷொக்குகள் கிடந்தன. அம்மாவிடம் மாத்தையாவைக் கூட்டிவரச் சொன்ன அதே நானா, அப்பாவிடம் மிஸ்ஸைக் கூட்டிவரச் சொல்லவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து பல்கனியில் நின்று கீழே பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

ஸ்டாண்டை மட்டும் அப்பா மாற்றவில்லை. ஜும்மா தொழுகை நேரம், கராஜைப் பூட்டப்போகிறோம், பின்னேரம் வாருங்கள் என்றிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பொறுமை இல்லை. உயர்ந்த வண்டியைக் கட்டை ஸ்டாண்டில் விட்டால் அது குடிகாரனைப் போலச் சாய்ந்தது. வாசலில் அப்பா ஒரு பலகைத் துண்டைத் தேடி ஸ்டாண்டின் கீழே வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பின்னேரம் பெரியப்பா மறுபடி வந்து, தன் காரை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கீழே பெரிய சத்தம். இறங்கி ஓடினோம். பலகை விலகி, வண்டி காரின் கதவில் சாய்ந்து கிடந்தது. கதவு நெளிந்திருந்தது, வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது.

“இதுக்குத்தான் பொம்பிளையளிட்டப் பைக்கைக் குடுக்கக் கூடாது எண்டுறது. ஒரு ஸ்டாண்ட் ஒழுங்காப் போடத் தெரியுதா?” என்று பெரியப்பா கத்தினார்.

அம்மா அன்று முழுவதும் அந்த வண்டியைத் தொடவேயில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இப்போது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா இல்லை, அப்பாதான் விட்டவர். பலகை வச்சவர், நான் கண்டனான்” என்றேன்.

“பெரியாக்கள் கதைக்கேக்குள்ள நீ வாயை மூடு” என்றார் பெரியப்பா. அப்பா அப்போதும் நிமிரவில்லை. அம்மா என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனார். உண்மையைச் சொன்ன நான் அறைக்குள், உண்மை தெரிந்தவர் கீழே பேசாமல். அன்று நான் சாப்பிடவில்லை. அப்பா கொண்டுவந்த சொக்லேட்டையும் தொடவில்லை. அம்மா ஏன் கத்திச் சண்டை பிடிக்கவில்லை என்று அவர் மீதும் எனக்குக் கோபம்.

காலையில் அம்மா அரிசிப் பையைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தார்.

“நீங்கள் பிளேன் ஏறினாப் பிறகு நான் இதில எப்பிடிக் கொட்டாஞ்சேனைக்குப் போறது? உங்கட அண்ணை கொண்டுபோய் விடுவாரோ?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். மூன்று பேரும் பாமன்கடைக்கு நடந்தோம். வண்டியை அப்பா உருட்டினார். நானா சிரித்துக்கொண்டு அப்பாவிடம்தான் வந்தார்.

“சேர் சொல்லுங்க, எவ்வளவு எறக்கோணும்?”

“என்னட்டக் கேக்காதேங்கோ. அவதான் ஓடுறவ, அவவிட்டக் கேளுங்கோ.”

நானா ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தபோது, ஒரு நிமிஷம் என்று அப்பா தடுத்தார். வண்டியில் ஏறிக் கிருலப்பனைப் பக்கம் போனார். நேரம் போனது. வரமாட்டார், வண்டியைக் கொண்டுபோய் எங்காவது ஒளித்துவைக்கப் போகிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வீதியைப் பார்த்தபடியே, “வருவார், விடு” என்றார். வந்தார். நிறுத்திய பிறகும் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு சீற்றிலேயே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “இறங்குங்கோ அப்பா, அம்மாவுக்கு வகுப்பு இருக்கு” என்றேன். இறங்கினார்.

பெரியப்பாவின் முன்னால் அவர் வாய் திறக்காததை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த லீவு முழுவதும் அப்பா ஹோலில் பாய் போட்டுத்தான் படுத்தார்; கட்டிலில் அவர் முன்பு படுத்த இடத்தில் நான் படுத்துப் பழகியிருந்தேன். அலுமாரியில் அவருடைய தட்டு நிறைய அம்மாவின் பயிற்சித் தாள்கள். அவர் சூட்கேஸிலிருந்தே உடுப்பை எடுத்து உடுத்தினார். இதையெல்லாம் நான் தினமும் பார்த்தேன். அந்த வீட்டில் அவருடைய அளவில் வேறு என்ன மிச்சமிருந்தது என்று மட்டும் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.